என் வயலெட்டும் அவருடைய ஊதாவும்

வீட்டுச் சாவி எங்கள் கைக்கு வந்த ஏப்ரல் மாதக் காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. மாசி என்ற புறநகரில் வாங்கிய அந்த வீட்டுக்கு முதல்முறையாகச் சொந்தக்காரர்களாகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். தெருமுனையில் திரும்பியதும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஒரு மரம். உச்சி முதல் அடிவரை வயலெட் பூ. இலை அங்கங்கேதான் தெரிந்தது. உதிர்ந்த பூக்கள் நடைபாதையை மூடியிருந்தன. நான் “நிறுத்துங்க” என்று போட்ட சத்தத்தில், பூனை ஏதோ குறுக்கே ஓடுகிறதென்று நினைத்து என் கணவர் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்சீட்டில் இருந்த மகளின் மடியில் இருந்த பால் பாத்திரம் கவிழ்ந்தது. பால் காய்ச்சவென்று கொண்டுபோன பால் காரிலேயே பொங்கிவிட்டதாக நான் அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பின்பக்கத் தோட்டம் முழுவதும் வயலெட். வேறு நிறத்துக்கு இடமில்லை.

என் ஆட்டத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் எட்டு வருடம் ஏவன்டேலில் வாடகை வீட்டில் இருந்தோம். மண்ணைத் தோண்டக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. பின்படிக்கட்டில் நான்கு தொட்டிகள், அவற்றில் புதினா, மிளகாய், குளிரில் ஒவ்வொரு வருடமும் செத்துச் செத்துப் பிழைக்கும் ஒரு கறிவேப்பிலை. அவ்வளவுதான் என் விவசாயம். இப்போதோ வேலியிலிருந்து வேலிவரை புல்தரை, அதற்கடியில் களிமண், எல்லாம் என்னுடையது. ஒரு மண்வெட்டி வாங்கிவந்து, நட எதுவும் இல்லாமலே ஒரு குழி தோண்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

குளிர்காலம் முழுவதும் நூலகத்திலிருந்து தோட்டப் புத்தகங்கள் கொண்டுவந்து படித்தேன். கட்டம் போட்ட தாளில் வரைபடம் போட்டு, வயலெட் பென்சில் தேய்ந்துபோய் இன்னொன்று வாங்கினேன். சாலையோரமெல்லாம் பூக்கிற அகபாந்தஸை முதலில் எழுதினேன். அது இங்கே களைச்செடிப் பட்டியலில் இருக்கிறது, கடையில் விற்கக்கூடாது என்று தெரிந்ததும் துக்கத்தோடு அடித்து நீக்கினேன். காய்கறிப் பாத்திக்குக் கத்தரிக்காய், வயலெட் முட்டைக்கோஸ். என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கறிவேப்பிலை. அதன் பழம் பழுத்தால் கருவயலெட்டாகத்தான் இருக்கும் என்று யோசித்து அனுமதி கொடுத்தேன். பன்னிரண்டு வயது மகள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, யூ நீட் ஹெல்ப்” என்றாள். செடி நட ஆள் வேண்டும் என்கிறாள் என்று நினைத்து, “ஆமா, நீதான் செய்யணும்” என்றேன்.

பூமியின் இந்தத் தென்கோடியில் வசந்தமான அக்டோபரில் வெயில் வந்தது. ஒரு சனிக்கிழமை மூவரும் செடிப் பண்ணைக்குப் போனோம். வரிசை வரிசையாக மேசைகள், அவற்றின்மேல் தொட்டிகள். எனக்குப் பொறுமை இல்லை. அதனால் வேலையைப் பிரித்தேன். நானும் மகளும் வலப்பக்கம், அவர் இடப்பக்கம். பத்து வயலெட் பூச்செடிகளை எடுத்துக்கொண்டு அவர் வாசலருகே வந்து நிற்க வேண்டும்.

அரை மணி கழித்து வந்தார். தள்ளுவண்டி நிறையச் செடிகள். முகத்தில் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவர் போல ஒரு பெருமை. நான் வண்டியைப் பார்த்தேன். பத்தில் எட்டு நீலம். சும்மா நீலமில்லை, பள்ளிச் சீருடை நீலம்.

“வயலெட்தானே சொன்னேன்?”

“வயலெட்தானே எடுத்துட்டு வந்திருக்கேன்? எல்லாம் நல்ல ஊதா!”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் கணவர் வீட்டில் நீலத்தையே ஊதா என்பார்கள். என் வீட்டில் ஊதா என்றால் வயலெட். கல்யாணமான புதிதில் அவருடைய நீலச் சட்டையை அவர் ஊதாச் சட்டை என்று சொல்ல, நான் அலமாரி முழுக்க வயலெட் சட்டை தேடியிருக்கிறேன். அதன்பிறகு குழப்பம் வேண்டாமென்று நான் ஊதா என்ற சொல்லையே விட்டுவிட்டேன். என்னுடைய வரவேற்புப் புடவை நல்ல வயலெட் பட்டு. அதை அவர் இன்றுவரை ஊதாப் பட்டு என்பார். என் கணக்கில் அது சரியாகத்தான் இருந்தது. அதனால் பதினாறு வருடமாக எங்களுக்குள் இருந்தது வெறும் சொல் தகராறு என்றே நம்பியிருந்தேன்.

அன்றும் அந்தத் தகராறுதான் தொடங்கியது. ஊதா என்றால் நீலம் என்று அவர், வயலெட் என்று நான். எங்கள் குரல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பண்ணைப் பெண் ஒருவர் குழாயை மூடிவிட்டு வந்தார். என் வயதுதான் இருக்கும், பச்சை ஏப்ரன், சேற்றுப் பூட்ஸ். யாழ்ப்பாணத் தமிழில், நாங்கள் தேடுவது நாவல் கலரோ என்று கேட்டார். ஒரு நிறத்துக்கு மூன்றாவது பெயரும் வந்து சேர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். என் கையிலிருந்த வயலெட் சால்வியாவையும் வண்டியிலிருந்த நீல லொபிலியாவையும் எடுத்து மேசைமேல் அக்கம்பக்கமாக வைத்தார்.

“அண்ணை, இது ரெண்டும் என்ன கலர் எண்டு சொல்லுங்கோ.”

“ரெண்டும் ஒண்ணுதான். ஊதா.”

நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு சற்றுத் தள்ளியிருந்த ஒரு மேசையைக் காட்டி, அங்கே பூத்திருக்கிறதா என்று கேட்டார். சிவப்பு ஜெரேனியம். பச்சை இலைகளுக்கு நடுவே நெருப்பு வைத்தது போல இருந்தது. என் கணவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இலைதான் தெரிகிறது என்றார். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, “அட, இருக்குதே” என்றார்.

“என்ர தம்பியும் இப்பிடித்தான்” என்றார் அந்தப் பெண், மெல்ல. “அவனுக்கு நாவலும் நீலமும் ஒண்டுதான். பிறவியிலயே அப்பிடி. உங்களுக்குத் தெரியாதோ?”

அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாற்பத்து மூன்று வயது மனிதர் செடிகளுக்கு நடுவே அப்படியே நின்றார். நான் பயந்துவிட்டேன். அவர் மனம் உடைந்துவிட்டதோ என்று தோளைத் தொட்டேன். அவர் நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

“அப்ப பதினாறு வருஷமா தக்காளிக்கு வாங்கின திட்டெல்லாம்?”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். காயாகத் தக்காளி வாங்கிவந்ததற்கு, பழுக்காத வாழைப்பழத்துக்கு, உள்ளே சிவப்பு மாறாத கோழியைத் தட்டில் வைத்ததற்கு, கல்யாண வீட்டுக்கு ஒரு காலில் பழுப்பும் ஒரு காலில் பச்சையுமாகச் சாக்ஸ் போட்டு வந்ததற்கு, எத்தனை திட்டியிருக்கிறேன். கவனமே கிடையாது என்று அவருடைய அம்மாவிடமே புகார் சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகை வருகிற இடத்தில் சிரிப்பு வந்தது. நிற்க முடியாமல் உர மூட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மகள் மட்டும் யாரும் தன்னை எங்களோடு சேர்த்துப் பார்த்துவிடக்கூடாது என்று கள்ளிச்செடிப் பக்கமாக நகர்ந்துவிட்டாள்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். மோட்டார்வே நெடுஞ்சாலையில் வரும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார். மூன்றாம் வகுப்பில் மரம் வரையச் சொன்னார்களாம். அடிமரத்துக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டிவிட்டார். கேலி பண்ணுகிறாயா என்று கையில் இரண்டு அடி. அதற்குப் பிறகு கிரேயானில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் வண்ணம் தீட்டுவாராம். காகிதம் கிழிந்த கிரேயானைத் தொடவே மாட்டாராம். “எல்லாரும் அப்படித்தான் செய்றாங்கன்னு நினைச்சேன்” என்றார். சாலையைப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கியர்மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மோட்டார்வேயிலிருந்து இறங்கும்போது பின்னாலிருந்து மகள் திடீரென்று கேட்டாள், அப்படியென்றால் அப்பா எப்படிக் கார் ஓட்டுகிறார் என்று. எங்களுக்கு முன்னால் ஒரு சிக்னல் வந்துகொண்டிருந்தது.

“மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும்.” அவர் சரியாக நிறுத்தினார்.

அடுத்த வாரம் கண் பரிசோதகரிடம் போனோம். புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தை அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். எனக்குத் தெரிந்த எண்கள் என் கணவருக்குத் தெரியவில்லை. சில பக்கங்களில் அவருக்கு வேறு எண்ணே தெரிந்தது. சந்தேகமேயில்லை, சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாத கண், அதனால்தான் வயலெட்டில் இருக்கும் சிவப்பு விழுந்துபோய் நீலம் மட்டும் நிற்கிறது என்று பரிசோதகர் விளக்கினார். வீட்டில் மகளுக்கு அது திருவிழா. பார்த்த பொருளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் நிறம் கேட்டாள். பீநட் பட்டர் பச்சை என்று அவர் சொன்ன அன்று, தோழிகள் எல்லோருக்கும் போன் செய்துவிட்டாள். அவரும் கோபப்படவில்லை. வீட்டில் திடீரென்று பிரபலமாகிவிட்டதில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

எனக்குத்தான் உறுத்தியது. அவருக்குத் தெரியாத நிறத்தில் ஒரு தோட்டம் எதற்கு? வரைபடத்தை மடித்து அலமாரியில் வைத்தேன். எல்லா நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வைப்போம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து வரைபடத்தை எடுத்துச் சமையல் மேசையில் விரித்தார். எனக்கு வயலெட், அவருக்கு நீலம், இரண்டுமே நன்றாகத்தானே இருக்கும் என்றார். ஆனால் மறுமுறை பண்ணைக்குப் போகும்போது தன்னையும் கூட வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்.

அப்படித்தான் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நான் பூவின் நிறத்தை மட்டும் பார்ப்பவள். என் வரைபடம் முழுக்க ஒரே உயரத்தில், ஒரே மாதிரி இலையோடு, பாய் விரித்தது போல இருந்திருக்கும். அவரோ நிறத்தை நம்ப முடியாமல் நாற்பது வருடம் வேறு எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவர். இலையில் இருக்கும் பூனைமுடியை விரலால் தடவினார். இருட்டான இலைக்குப் பக்கத்தில் வெளுத்த இலை வேண்டுமென்றார். நான் சால்வியாவை எடுத்தால், அது உயரமாக வளரும், அதன் காலடிக்குக் குட்டையாக ஏதாவது வேண்டும் என்று ஹீபியைக் காட்டினார். வாள் மாதிரி நீண்ட கருவயலெட் இலையுள்ள ஃப்ளாக்ஸ் ஒன்றை நடுவில் வைக்கச் சொன்னதும் அவர்தான். கண்ணை மூடி மோந்து பார்த்து ஹெலியோட்ரோப்பைக் கண்டுபிடித்தார். வனிலா கேக் வாசனை அதற்கு. நான் அந்தத் தொட்டியைக் கட்டிக்கொண்டேன். பண்ணைப் பெண் ஓடிவந்து, லாவெண்டரை மட்டும் யோசித்து வாங்குங்கோ, மாசிக் களிமண்ணில் அது கால் அழுகிச் செத்துப்போகும் என்றார். நான் கேட்கவில்லை. ஆறு வாங்கினேன்.

வண்டியைக் கல்லாவுக்குத் தள்ளும்போது என் கணவர் நின்றார். விதைப் பாக்கெட்டுகள் சுழலும் தாங்கியின் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி தயங்கினார்.

“எனக்கு ஒரே ஒரு மஞ்சள் வேணும்.”

மஞ்சள் தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். சொல்லப்போனால், மற்ற எல்லாம் மங்கலாக இருப்பதால் மஞ்சள்தான் முகத்தில் அடிப்பது போலத் தெரியும் என்றார். சாலை ஓரத்தில் வேலை செய்பவர்கள் போட்டிருக்கும் மேல்சட்டையைப் பார்த்தால்கூடச் சந்தோஷமாக இருக்குமாம். பதினாறு வருடத்தில் ஒருமுறையும் அவர் இதைச் சொன்னதில்லை. நானும் உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டதில்லை. என் சட்டதிட்டமெல்லாம் அந்த இடத்திலேயே தூள். சூரியகாந்தி விதை ஒன்றல்ல, நான்கு பாக்கெட் எடுத்துப் போட்டேன்.

களிமண்ணை வெட்டிப் புரட்டி உரம் கலக்க மூன்று வார இறுதிகள் ஆயின. என் மணிக்கட்டு வீங்கியது. மகள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, பிறகு மண்புழுக்களை எண்ணுவதில் இறங்கிவிட்டாள். ஆறு லாவெண்டரும் அந்தப் பெண் சொன்னபடியே டிசம்பருக்குள் செத்தன. மற்றவை பிழைத்தன. பிழைத்தன என்றால் சாதாரணமாக இல்லை. சால்வியா என் தோளைத் தொட்டது. தேனீக்கள் விடிந்ததிலிருந்து ஓயவில்லை. காலையில் பல் துலக்குவதற்குள் நான்கு முறை வெளியே ஓடி, புதிதாக எது பூத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். ஒருநாள் வாயில் நுரையோடு பக்கத்து வீட்டுக்காரரிடம் வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரிக் கடைசியில் பண்ணைப் பெண்ணைத் தேநீருக்கு அழைத்தோம். பூட்ஸ் இல்லாமல், நல்ல சுடிதாரில் வந்தார். என் கணவர்தான் அவரைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு செடியையும் தொட்டு, இது இந்த உயரம், இது இந்த வாசனை, இதன் இலை வெல்வெட் மாதிரி என்று சொல்லிக்கொண்டே போனார். எதற்கும் நிறம் சொல்லவில்லை. அந்தப் பெண் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே நடந்தார். லாவெண்டர் இருந்த வெற்றிடத்துக்கு வந்ததும் நின்று என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வேலியோரம் வந்தோம். இருபத்தெட்டு சூரியகாந்திகள், முந்தைய நாள்தான் ஒன்றாக விரிந்திருந்தன. வயலெட் பரப்புக்குப் பின்னால் அந்த மஞ்சளைப் பார்த்தபோது, என் தோட்டத்தின் மிக நல்ல யோசனை என்னுடையதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. என் கணவர் எல்லாவற்றிலும் உயரமானதைக் கழுத்தைப் பிடித்து வளைத்து, முகத்துக்கு நேரே கொண்டுவந்து, மூக்கு நிறைய மகரந்தம் ஒட்ட முகர்ந்தார். அதற்கு வாசனையே கிடையாது என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தார். அவர் பூவை விடவில்லை.

“இருக்கட்டுங்க” என்றார். “பக்கத்துல வச்சுப் பார்க்கத்தான்.”