மாதா காலடியில் வைத்த மாத்திரை

என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு டி.பி. என்று தெரிந்தபோது நான் அழவில்லை. மாத்திரையை விடாமல் போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹார்பரில் கண்டெய்னர் கட்டுகிற மனிதர், ஒரு மாத்திரையை விழுங்க மாட்டாரா? அழுதது அப்புறம்தான். போன தவக்காலத்தில் வீட்டுப் பீடத்தைத் துடைத்தபோது, மாதா சுரூபத்துக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கத்தையாகக் கிடந்தன.

"இன்னாய்யா இது?"

"மாத்ர போட்டா ஒண்ணுக்கு செவப்பா போவுது ஸ்டெல்லா. கிட்னி காலியாய்டும்னு போன்ல வந்த வீடியோல ஒருத்தன் சொல்றான். அதான் மாதா காலாண்ட வச்சுட்டேன். அவங்க பாத்துக்குவாங்க."

அன்பான சகோதர சகோதரிகளே, நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கேஸ் காகிதம், ஹால் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, எல்லாம் முதலில் அந்தக் காலடிக்குத்தான் போகும். மாத்திரையைக் கொண்டுபோய் வைத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார்.

இருமல் திரும்பியிருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. எங்கள் மகள் ஜெனியும் அதே அறையில்தான் படுக்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன். டாக்டரிடம் போகலாம் என்றால், "திட்டுவாங்க, நா வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வீடியோ பொய் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

கோவிலுக்குப் போய் மண்டியிட்டேன். அழகாக ஜெபிக்கவெல்லாம் வரவில்லை. "அம்மா, உன் காலடியில் கிடப்பதை நீயே எடுத்து அவர் வாயில் போடு. இல்லையென்றால் எனக்கு ஒரு ஆளைக் காட்டு" என்று சண்டைதான் போட்டேன்.

காட்டினாள். மறுநாளே காட்டினாள்.

ஜெனி அரசு வேலைப் பரீட்சைக்கு எங்கள் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். நூலகர் பர்வீன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒரு மாதிரி கீறீங்க?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நான் டாக்டர் இல்லம்மா. ஆனா யார் சொல்றத நம்பலாம்னு தேடிக் குடுக்கறது என் வேல" என்று சொல்லி, அந்த வீடியோவைத் தேடி எடுத்துக் கடைசிவரை ஓடவிட்டார். அதுவரை நாங்கள் யாரும் கடைசிவரை பார்த்ததே இல்லை. முடிவில் அந்த ஆள் லேகியம் விற்றான்!

"சொல்றது யாரு, எப்ப சொன்னது, சொல்லிட்டு இன்னா விக்கிறான்? இத்தக் கேட்டுட்டு அப்பால நம்புங்க" என்றார் பர்வீன்.

பிறகு அரசாங்கத்தின் காசநோய் இணையப் பக்கத்தைத் தமிழில் எடுத்தார். அந்த மருந்துகளில் ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், நடுவில் நிறுத்தினால்தான் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் என்று அதில் இருந்தது. பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். "இவருக்கும் அதுதானான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். நாளைக்கே கூட்டிப் போங்க" என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்தோணி தாளைப் படித்தார். வீடியோவின் முடிவையும் பார்த்தார். "லேகியமா விக்கிறான்? கேப்மாரி!" என்று எழுந்தவர், மறுநாள் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். டாக்டர் பரிசோதனை செய்து, நிறம் மருந்தால்தான் வருகிறது, கிட்னி நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்சம் திட்டவும் செய்தார். மருந்து மறுபடி தொடங்கியது. தினமும் மாதாவின் முன்னால் நின்றுதான் விழுங்கினார். நான் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

இன்று சளியில் கிருமி இல்லை. மனிதர் வேலைக்குப் போகிறார். ஜெனிக்கும் பரிசோதனை செய்தோம், ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தலைக்கனம் ஏறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் யாராவது போனில் வந்த வைத்தியத்தை எடுத்துவிட்டால், "யாரு சொன்னது? இன்னா விக்கிறான்?" என்று முதலில் கேட்பது என் குரல்தான். சந்தேகம் தீராதவர்களைக் கையோடு பர்வீனிடம் அழைத்துப் போகிறேன். நம் ராயபுரத்துப் பெண்களை இனி எந்த லேகியக்காரனும் ஏமாற்றட்டும், பார்க்கலாம்!

நன்றித் திருப்பலியில் அந்தோணி மெழுகுவர்த்தியோடு கடைசி அட்டையையும் பீடத்தில் வைத்தார்.

"இன்னா அந்தோணி, வெறும் அட்டை?" என்று ஃபாதர் சிரித்தார்.

"முழுங்கி முடிச்சதுதான் ஃபாதர் காணிக்க."

ஆகவே என் சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள், அவள் ஆளை அனுப்புவாள். உங்கள் பாரத்தையெல்லாம் அவள் காலடியில் வையுங்கள். மாத்திரையை மட்டும் வாயில் போடுங்கள்.