விஜயலட்சுமி கலக்கிய கடல்

தாராவியில் தோல் பைகளுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக நிறம் கலக்குகிறவள் விஜயலட்சுமி. ஒரு துண்டுத் தோலை நீட்டி அதே நிறம் வேண்டும் என்றால் போதும், கிண்ணத்தில் நாலு கலக்குக் கலக்கி அச்சு அசலாகக் கொண்டு வந்துவிடுவாள். முதலாளி முகம்மது ஹனீப் அவள் கலக்கியதைச் சரிபார்ப்பதையே விட்டு வருடக் கணக்காகிறது. அந்தக் கைக்கே மாஹிம் கடல் எட்டு வாரம் தண்ணி காட்டியது.

அவளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாம் புருஷன் ராஜபாண்டியால் வந்தது. ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். சாயங்காலம் மாஹிம் கரையில் ஒரு மணி நேரம் உட்காராமல் வீடு திரும்ப மாட்டார். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, மனசுதான் கூடவில்லை. நடக்காவிட்டால் கால் மடங்கிப்போகும் என்று டாக்டர் சத்தம் போட்டும் மனிதர் நாலாவது மாடியை விட்டு அசையவில்லை. முதலில் லிஃப்ட் பந்த் என்றார். லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும், "கீழ போயி என்ன செய்யப் போறேன்?" என்றார். அதைக் கேட்டபோதுதான் விஜயலட்சுமிக்கு விஷயம் உறைத்தது. இவரை எப்படியாவது கீழே இறக்கியாக வேண்டும்.

போனில் கடலைப் படம் பிடித்து வந்து காட்டினாள். "பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மாஹிம் தண்ணீர் என்றைக்கு அப்படி நீலமாக இருந்தது?

மறுபடி படம் பிடிக்கப் போன ஞாயிறு, கரையில் நாலைந்து பேர் பலகையைச் சாய்த்து வைத்து ஆயில் பெயிண்டில் கடலை வரைந்துகொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் பின்னால் நின்று பார்த்தாள். கலக்குகிறதுதானே, நமக்குத் தெரியாததா என்று தோன்றியது. மறுவாரமே தாதரில் ஆறு ட்யூபும் இரண்டு பிரஷும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டறையில் நிறம் பார்ப்பதென்றால் உச்சிவெயிலில், வாசலில் வைத்துத்தான். ட்யூப்லைட் ஏமாற்றிவிடும். அதனால் கடலுக்கும் பன்னிரண்டு மணிக்கே போனாள். தலையில் முந்தானை, மடியில் அட்டை. கலந்த நிறத்தைத் தோல் துண்டில் தடவித் தண்ணீருக்கு நேராகப் பிடித்து ஒத்துப் பார்த்தாள். நீலத்தைக் குறைத்தாள், மஞ்சளைச் சேர்த்தாள், துளி கறுப்பும் விட்டாள். எல்லாம் பொருந்தியபிறகு, பட்டறைப் பழக்கத்தில் இன்னொரு துளி கறுப்பை விட்டு அட்டையில் ஏற்றினாள்.

ராஜபாண்டி பார்த்தார். "சாக்கடை" என்றார்.

இரண்டாவது படத்துக்கு "புயலா?" என்றார். மூன்றாவதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஏழாவது வாரம் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

பிழை பிடிபட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, துணி மடிக்கும்போது. ஒன்பது நாள் முன்பு வரைந்து காய்ந்த படமும், அதே அளவில் கலந்த நிறத்தில் முந்தாநாள் வரைந்து இன்னும் ஈரமாயிருந்த படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே கறுப்பு! தோல் சாயம் காய்ந்தால் வெளுக்கும். அதனால் எப்போதும் ஒரு சுற்று அழுத்தமாகக் கலப்பதே அவள் வழக்கம். கை தன்னாலேயே அதைச் செய்துவிடும். ஆயில் பெயிண்டோ போட்டது போட்டபடி நிற்கிற சாதி. எட்டு வாரமாக அது வெளுக்குமென்று காத்திருந்தவளுக்கு இப்போது சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு வெள்ளையைத் தாராளமாகப் பிதுக்கினாள். உச்சிவெயிலையும் விட்டுவிட்டு அவர் வழக்கமாகப் போகிற ஐந்தரை மணிக்குப் போனாள். நீல ட்யூபைத் திறக்கவே இல்லை. மஞ்சள், காவி, துளி பச்சை, மேலே வெள்ளை. தண்ணீர் பால் விட்ட டீ போல வந்தது. தோல் துண்டை நீட்டி ஒத்துப் பார்க்கவில்லை. அதற்குள் வெளிச்சம் மாறிவிடுகிறது.

வீட்டில் ராஜபாண்டி படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். அவள் அடுக்களை வாசலிலேயே நின்றாள்.

"ஏட்டி, அஞ்சரை மணிக்குப் போட்டதா?"

"ஆமாங்க."

"தண்ணி வத்துற நேரம். சரிதான். ஆனா மணல ஏக்தம், அடியோட தப்பாப் போட்டிருக்க. தண்ணி எறங்குன எடத்துல ஒரு செவப்பு மின்னும், அது எங்க?"

"செவப்பா? நான் பாக்கலியே."

"நீ எங்க பாத்த! நான் எத்தன வருசமா அங்க குத்தவச்சுப் பாக்கேன்!" குரல் உயர்ந்தது. ஆறு மாதத்தில் அவர் இப்படிச் சண்டை பிடித்ததே இல்லை. "நாளைக்கு நான் வந்து காட்டுதேன். அப்ப ஒத்துக்கிடுவியா?"

அவள் போய் அவர் செருப்பைத் தேடி எடுத்து, தூசி தட்டி வாசலில் வைத்தாள்.

மறுநாள் லிஃப்டில் இறங்கி, டாக்ஸி பிடித்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடிவைத்துக் கரைக்கு வந்தார். மணலில் கால் புதையப் புதைய வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். மூச்சு வாங்க உட்கார்ந்து ஈர மணலையே உற்றுப் பார்த்தார். மேற்கே மேகம் மூடியிருந்தது. மணல் வெறும் சாம்பலாகக் கிடந்தது.

வெகுநேரம் பார்த்தார்.

"இன்னைக்கு மேகம்" என்றார் கடைசியில். "நாளைக்கு வந்து பாப்போம்."