இசக்கிதுரை துடைத்த கிரேட்டிங்

தாராவி இசக்கிதுரைக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் சோறு போட்டது. ஒரு திரவத்துக்குள் ஒளியைச் செலுத்தி, எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் கருவி அது. பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர், இருபத்திரண்டு வருஷமாக மும்பை ஆய்வகங்களில் அதற்கு விளக்கு மாற்றினார், லென்ஸ் துடைத்தார், அளவு சரிபார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி ஷ்ரவண், வடாலாவில் இருந்த தன் ஆபீசில் வைத்து முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். "துரைண்ணா, செம்பூர் லேப் ஒண்ணுதான் பாக்கி. அந்த கான்ட்ராக்டும் போச்சுன்னா சர்வீஸ் செக்‌ஷனையே பந்த் பண்ணிடுவேன். அப்புறம் என்மேல கோவப்படாதீங்க."

செம்பூர் மருந்து ஆய்வகத்தில் அன்று ஏசி ஓடவில்லை. இசக்கிதுரை கருவியின் மூடியைக் கழற்றி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், தீப்பெட்டி அளவில் கிரேட்டிங். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் தகடு; கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கோடுகள் கொண்டது. அதைத் தொடுவதும் உடைப்பதும் ஒன்றுதான். தொழிலுக்கு வந்த முதல் நாளே கற்றுக்கொள்வது அது.

குனிந்தார். நெற்றி வியர்வை ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. கை யோசிக்கவில்லை. லென்ஸ் பேப்பரால் ஒரே இழுப்பு.

வானவில்லாகப் பளபளத்த தகட்டின் நடுவே சாம்பல் பட்டை.

"ஆச்சா அண்ணாச்சி?" கெமிஸ்ட் அனிஷா எட்டிப் பார்த்தாள்.

"கிரேட்டிங்கத் தொடச்சுட்டேம்மா."

"நீங்களா? நாங்க பக்கத்துல வந்தாலே கத்துவீங்களே!" சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

சோதனை ஓட்டிப் பார்த்தார்கள். ஒளி கால்வாசிகூட வரவில்லை. அந்த மாடலுக்குப் பாகங்கள் வருவது நின்று ஆறு வருஷம் ஆயிற்று.

அனிஷா குரலைத் தாழ்த்தினாள். "பழைய மெஷின், தானாவே மங்கிருச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க. நான் ஒண்ணும் பாக்கல."

"எப்படி எழுதுனாலும் நீங்க புது மெஷின்தான் வாங்கணும். அதுக்கு சர்வீஸ் பண்ண அதை விக்கிற கம்பெனி ஆளே வருவான். எங்க கான்ட்ராக்ட் போச்சு."

"உங்க பேராவது மிஞ்சும்ல?"

"எங்கம்மா மிஞ்சும்? தானா மங்குச்சுன்னா எப்பத்துலருந்துன்னு கேப்பாவ. நான் குடுத்த சர்டிபிகேட் எல்லாத்தையும் தோண்டுவாவ. அதுல பாஸான மருந்தையெல்லாம் சந்தேகப்படுவாவ."

ரிப்போர்ட்டில் அவர் 'சர்வீஸ் செய்தவர் துடைத்ததால் பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போதே ஷ்ரவணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.



"டூல் பேக்க ஆபீஸ்ல வெச்சிட்டுப் போயிடுங்கண்ணா. நாளைக்கு வர வேணாம்."

பையிலிருந்த ஸ்க்ரூடிரைவர்களில் பாதி அவர் சொந்தமாக வாங்கியவை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது.