நான்கு அடுப்புப் புகை

சென்ற வைகாசியில், கார் சாகுபடிக்குக் கால்வாய்கள் திறக்கச் சில நாள் இருக்கையில், தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துக்குப் போய்வந்தேன். சென்னையில் பொருளாதாரம் படிக்கும் சுந்தரம், ஒரே ஊரில் மிராசுதாரருக்கும் கூலிக்காரருக்கும் வரும்படி எவ்வளவு வேறுபடுகிறது என்று விடுமுறையில் கணக்கெடுக்கப் புறப்பட்டார். என்னையும் அழைத்தார். இதுபோல் கிராம விசாரணைக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பாலம் நிலையத்தில் காலை ஏழே காலுக்கு ரயில். சேரன்மாதேவி பதினோரு மைல். மூன்றாம் வகுப்பு இரண்டரை அணா. அங்கிருந்து மேலப்பாளையத்துக் காதரின் மாட்டுவண்டி. வண்டிச் சத்தம் எட்டணா. (ஆறணாவுக்கே வருவார்களாம். பிறகுதான் தெரிந்தது.)

மேலத் தெருக்களைக் கணக்கெடுத்து முடிக்கவே மாலை நாலு மணியாகிவிட்டது. கால்வாய்க்கு அப்பால் கடைசி வரிசையில் நான்கு குடிசைகள், நான்கிலும் புகை. ஓர் அடுப்பு ஒரு குடும்பம் என்பது சுந்தரத்தின் முறை. நான்கு குடும்பம் என்று எழுதப் போனார்.

காதர் சிரித்தார். "தம்பி, நாலு அடுப்பு எரியுது. ஒரு பிள்ளை அழுத சத்தம் கேட்டியளா?"

முதல் குடிசைக்குள் எட்டிப் பார்த்தோம். பானையில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதிலிருந்து எரியும் பனைமட்டையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். பேச்சி என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா வீடு, அண்ணன் வீடு, கொளுந்தன் வீடு. எல்லாரும் கங்காணி கூட கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருக்காவ. ஐப்பசி நடுகைக்கு வந்திருவாவ. ஆளில்லன்னு எளுதிராதிய ஐயா. காரியஸ்தர் குடிசையப் பிரிச்சுட்டு வாழை வச்சிருவாரு."

மண் மிராசுதாரருடையது, ஆளில்லாத குடிசையைப் பிரித்துவிடுவது அவ்வூர் வழக்கம். பகலெல்லாம் கால்வாயில் தூர் அள்ளிவிட்டு, மாலையில் நான்கு அடுப்பையும் அவள் ஒருத்தியே மூட்டுகிறாள்.

கணக்கு ஏட்டை மறுநாள் கிராம முன்சீப்பிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் இருப்பது காரியஸ்தர் காதுக்கும் போகும். "பொய் எழுத முடியாதம்மா" என்றார் சுந்தரம்.

"பொய் எதுக்கு? அடுப்பு எரியுதா இல்லையா, நீங்களே பாத்திய."

சுந்தரம் ஏட்டில் 'அடுப்பு நான்கு' என்று எழுதினார்; மூன்றுக்கு வரும்படிக் கட்டத்தைக் காலியாக விட்டார். கண்டிக்குப் போனவர்களைப் பற்றித் தனித்தாளில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தாள் சென்னைக்கு மட்டும்.

மறுநாள் முன்சீப் அந்த வரியில் விரலை வைத்தார். "நாலுந்தான் எரியுது. அவளுக்கு எங்கனதான் வெறகு கிடைக்குதோ!" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

போகிறவர்கள் அரிசியும் குடையும் கொண்டுபோங்கள். தெருவில் நின்று வீடுகளை எண்ணாதீர்கள். ஐப்பசி நடுகைக்கு முன்பு போனால், மிக ஏழைகள் ஊரில் இருக்கமாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தால் ஊர் செழிப்பாகத்தான் தெரியும்.

ரயில் நேரம், கட்டணம் எல்லாம் எழுதிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சேரன்மாதேவியிலிருந்து வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை மைல் போனது என்பதை மட்டும் எழுதவில்லை. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.