கடலுக்குப் போனவர்

நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பிலிருந்து ஒருநாள் எங்களை மெட்ரோவில் நூதனசாலைக்குக் கூட்டிப் போனார்கள். ஆளுக்கொரு ஓவியத்தின் முன்னால் நின்று இரண்டு நிமிடம் பிரெஞ்சில் கதைக்க வேண்டும். அதில் எங்கள் வாழ்க்கையும் வர வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்தது ஒரு கடற்கரை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியது, மத்தியதரைக் கடலாம்.

மன்னார்க்காரியான எனக்கு அது கடற்கரையாகவே படவில்லை. மணல் மருந்துக்கும் கிடையாது. சிவந்த பாறைகள் செங்குத்தாக இறங்க, அடியில் நுரை. இடுக்கில் ஒரு சின்ன வள்ளம். இந்த வள்ளக்காரன் வலையை எங்கே காயப்போடுவான்? வரைந்தவருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. வெளிச்சம் சரியாக விழுந்தால் போதும். ஆனால் தண்ணீரில் குறை சொல்ல முடியாது. ஆழம் கூடும் இடத்தில் பச்சை கறுப்பதை அந்த மனுசன் உற்றுப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கறுப்பைக் கண்டதும் என் கணவரைப் பற்றிச் சொல்வதென்று முடிவு செய்தேன். அவர் மீன்பிடித்தவர். அதற்குரிய சொல் 'பெஷேர்' என்று தெரியும். வாயில் எடுக்கத்தான் பயம். ஞாயிறு பிரெஞ்சுப் பூசையில் பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவை மன்றாடும்போது, பாவிகளுக்கும் அதே சொல்தான் என் காதில் விழுந்திருந்தது. என் மனுசன் பாவி என்று சொல்லவா வந்தேன்? அதனால் ஊரில் சொல்வதை அப்படியே பிரெஞ்சுக்கு மாற்றினேன். என் கணவர் தினமும் கடலுக்குப் போவார். ஒருநாள் போனார். அந்த வசனத்தோடு நிறுத்திவிட்டேன்.

எங்களுக்குக் கடலுக்குப் போவதென்றால் தொழிலுக்குப் போவது. ஆசிரியைக்கோ அது விடுமுறை. முகம் மலர, தினமும் கடலுக்குப் போகக் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அன்பாகத்தான் கேட்டார், அவர் எப்போது திரும்பி வருகிறார் என்று.

எனக்கு ஆசிரியையில் கோபமில்லை, என்னில்தான். விடியுமுன் எழும்பி வலை ஏற்றிய மனுசனைக் குளிக்கப் போனவராக்கிவிட்டேன். என் நேரமும் முடிந்திருந்தது, பேசாமல் விலகியிருக்கலாம். மனம் கேட்கவில்லை.

"பெஷேர்," என்றேன். "அவர் பெஷேர். கடலிலிருந்து திரும்பி வரவில்லை."

சிரிப்பு நின்றது. ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லத் திருத்தினார். குறிலில் சொன்னால் பாவி. மீன்பிடிப்பவருக்கு முதலெழுத்தை இழுக்க வேண்டும், பேஷேர். குறிலும் நெடிலும் தமிழச்சிக்குப் பெரிய காரியமா? இழுத்துச் சொன்னேன்.

ஒரு சொல்லைத் திருத்தினால் வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த பதினெட்டுப் பேர், அந்த ஓவியத்தின் முன்னால், என் மனுசனை ஒருநாளும் கண்டிராதவர்கள், ஒரே குரலில் சொன்னார்கள்:

"அவர் பேஷேர்."