பிடரியின் நிறம்

செட்டிகுளம் போகிற சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஓரத்துப் புளியமரங்களுக்கெல்லாம் எண் போட்டுவிட்டார்கள். அதில் ஒரு மரத்தின் பொந்தில் பெரிய மரங்கொத்தி ஒன்று குடியிருந்தது. எங்கும் காண்கிற பொன்முதுகு மரங்கொத்தி என்றால் பிடரி கறுப்பு. வெண்பிடரி என்றால் வெள்ளை. எங்கள் பக்கம் அபூர்வம். இது வெண்பிடரிதான் என்று என் மனம் அடித்துச் சொன்னது. மனம் சொன்னால் மனு ஆகுமா?

நெடுஞ்சாலை ஆபீஸில் போய், அந்த மரத்தை விட்டுவிடச் சொன்னேன். அதிகாரி தன் செல்போனை நீட்டினார்.

"மரங்கொத்திதானே? எங்க வூட்டு வாசல்லயே மேயுது சார்."

படத்தில் இருந்தது கொண்டலாத்தி. கொண்டை வைத்ததெல்லாம் மரங்கொத்தி என்கிற ஊர் இது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு வித்தியாசத்தை விளக்கினேன்.

"அபூர்வம்னா தெளிவா ஒரு போட்டோ கொண்டாங்க. மேல எழுதிப் பாக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மருந்துக்கடையைத் திறக்குமுன் அந்த மரத்தடிக்கு ஓடினேன். நான் இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளும். அலகை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். பறக்கும்போது தெரிந்தது வெள்ளையா, வெயிலா என்று புரியவில்லை. கழுத்து வலியில் தூக்கம் போயிற்று.

களையெடுக்கப் போன அக்கா ஒருவர் நின்று பார்த்தார். "அரசமரத்தச் சுத்துனாலாச்சும் புள்ளை பொறக்கும். புளியமரத்தச் சுத்துனா பேய்தாண்ணே புடிக்கும்!"

சிரிக்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவை முதுகைக் காட்டித் தொலையேன்" என்று அந்தப் பறவையிடம் கெஞ்சினேன். திட்டவும் செய்தேன்.

ஒரு காலை நான் போனபோது அறுவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள் பொறுங்க, கையெடுத்துக் கும்புடுறேன்."

"எங்கள்ட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? ஆபீஸ்ல கேளுங்க" என்றார் மரம் அறுப்பவர்.

அதிகாரிக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தேன். எடுக்கவில்லை. மரம் சாய்ந்தது.

ஆட்கள் டீ குடிக்கப் போன பிறகு மரங்கொத்தி வந்தது. பொந்து மண்ணோடு கவிழ்ந்து கிடந்தது. கிடந்த மரத்தின்மேல் தத்தித் தத்தி, நுனிக்கும் அடிக்குமாக அதைத் தேடியது. கைக்கெட்டும் தூரத்தில் நான் நின்றும் அது ஒளியவில்லை. முதுகு முழுவதும் என் பக்கம்.

பிடரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அழுதுகொண்டே படம் எடுத்தேன். நன்றாகத் தெளிவாக வந்திருந்தது.