திங்கட்கிழமைகளில் சுருங்கிய நைலோன்

ஒரு பொருளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது எப்போது விட்டுக்கொடுக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். "இதுக்கா பல்கலைக்கழகம்?" என்று கேட்காத ஒருவரை மட்டக்களப்பில் நான் இன்னும் சந்திக்கவில்லை. உங்கள் படிப்பையும் யாராவது காட்டி, "இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். நாம் ஒரே கட்சி.

நான் ஒரு பௌதிக ஆய்வுகூடத்தில் தற்காலிக டெமோ. முதலாம் வருடத்துப் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டுவது சம்பளத்துக்கு. நைலோன் நூலில் பாரம் கட்டித் தொங்கவிடுவது ஆய்வுக்கு. பாரத்தைக் கட்டியதும் நூல் டக்கென்று கொஞ்சம் நீளும். அதோடு கதை முடிந்தது என்று பாடப்புத்தகம் பக்கத்தைப் புரட்டிவிடும். முடியவில்லை. நூல் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். உள்ளே சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் புதிய சமநிலையைத் தேடி இடம் மாறுகின்றன. சில உடனே, சில மணிக்கணக்கில், சில வாரக்கணக்கில். இந்தத் தளர்வையும் உருமாற்றத்தையும் வெப்பவியக்கவியலைக் கொண்டு முன்கூட்டியே கணிக்கலாமா என்பதுதான் என் கேள்வி. அதைத் தொடரவிடுவதா, "போதும், மூட்டையைக் கட்டு" என்பதா என்று மீளாய்வுக் குழு தீர்மானிக்க இருந்தது. கீழே வருவதெல்லாம் அந்தத் தீர்மானத்தை நோக்கி நான் சண்டை பிடித்துப் போன வழி.

உதட்டில் ஒரு இறப்பர் பட்டி

முதல் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு அகலமான இறப்பர் பட்டி கொடுப்பேன். சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சுடும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு சட்டென்று விட்டு உதட்டில் வையுங்கள், குளிரும். என்னோடு வேலைசெய்யும் இன்னொரு டெமோ, தன்னை எல்லாம் தெரிந்தவராக நினைக்கும் ஒருவர், "உராய்வுச் சூடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார். உராய்வென்றால் விடும்போதும் சுட வேண்டுமே, ஏன் குளிர்கிறது என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்டேன். அவருக்குத் திடீரென்று தண்ணீர் விடாய்த்துவிட்டது, வெளியே போனார்.

சுருண்டு குழம்பிக் கிடக்கும் மூலக்கூறுகளை இழுத்து ஒழுங்காக நிமிர்த்துகிறோம். குழப்பம் குறைகிறது, அதாவது எந்திரப்பி குறைகிறது. அதற்கு ஈடாக வெப்பம் வெளியே வருகிறது. விட்டால் திரும்பவும் கிறுகிச் சுருண்டு, வெப்பத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்து, யாருக்காவது சந்தேகமா என்று கேட்டேன். வெல்லாவெளிப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"எங்கட அம்மாவும் இப்பிடித்தான் மிஸ். இழுத்தாச் சூடு, விட்டாக் குளிர். ஆனா அவவ உதட்டுல வச்சுப் பாக்க ஏலாது."

என்ன மீனுக்கு?

நூல் வாங்க டவுனில் ஒரு மீன்பிடிச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "என்ன மீனுக்கு?" என்றார். மீனுக்கில்லை என்றேன். "அப்ப நண்டுக்கா?" நண்டுக்கும் இல்லை, மேலே கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கப் போகிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். எவ்வளவு நேரம் பார்ப்பாய் என்று கேட்டார். மாசக்கணக்கில் என்றேன். என்ன பிடிபடும் என்று கேட்டார். ஒன்றும் பிடிபடாது, நூல் எப்படி நீளுகிறது என்று பார்ப்பதுதான் வேலை, முடிந்தால் பட்டம் தருவார்கள் என்றேன். அவர் நூலை அளந்து வெட்டிச் சுருட்டி என் கையில் தந்தார்.

"தூண்டிலப் போட்டுத்து வாவிக்கரையில குந்தியிரிக்கிற மனிசனெல்லாம் இதத்தானே புள்ள செய்யிறான். அவனுக்கு ஒருத்தரும் பட்டம் குடுக்கல்லயே."

வெள்ளிக்கிழமைப் பூட்டு

நூலைத் தொங்கவிட்டேன். நகரும் நுணுக்குக்காட்டியை நிறுத்தி, காலையும் மாலையும் நீளத்தை அளந்தேன். வெள்ளி மாலை வரைக்கும் நூல் ஒழுங்காக நீண்டது. திங்கட்கிழமை வந்து பார்த்தால், பாரம் தொங்கியபடி இருக்கிறது, நூல் வெள்ளிக்கிழமையைவிடக் கட்டையாக இருக்கிறது. பாரம் கட்டிய நூல் சும்மா நின்று சுருங்குமா? நுணுக்குக்காட்டியைச் சந்தேகித்தேன், ஏசியைச் சந்தேகித்தேன், என் கண்ணைச் சந்தேகித்தேன். அடுத்த திங்களும் அதே கதை. அதற்கடுத்த திங்கட்கிழமை, விடிந்ததும் விடியாததுமாகப் போய் ஆய்வுகூட வாசலில் நின்றேன்.

பூபாலண்ணன் கதவைத் திறந்து, மெயின் சுவிச்சைப் போட்டு, நேரே என் நூலுக்குப் போய், மேசையில் இருந்த பாரத்தை எடுத்து மெதுவாகக் கொளுவினார். அவர் ஆய்வுகூட உதவியாளர். எனக்கு முன்னால் எத்தனையோ டெமோக்களைக் கண்டவர். எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: வெள்ளிக்கிழமை பூட்டுமுன் காஸ் குழாயை மூடுவது, மெயினை அணைப்பது, வில்தராசுகளில் தொங்கும் பாரங்களை இறக்குவது. அந்த வழக்கத்தில் என் நூலையும் அவர் சேர்த்துவிட்டார். நான் கொஞ்சம் சத்தமாகவே கதைத்தேன். இனி அந்த நூலில் கை வைக்கவே கூடாது என்றேன். அவர் கதவில் சாய்ந்துகொண்டு முழுவதையும் கேட்டார்.

"வயல் வட்டைக்குள்ள உழுற மாட்டையே அந்திப்பட்டா நுகத்தக் கழட்டி விடுறம். இது ஒரு வாரமாத் தொங்குது. உங்களுக்கு இரக்கமே இல்லயா புள்ள?"

வடிவான வளைகோடு

கோபம் ஆறியபின் வரைபைப் பார்த்தேன். பாரத்தை இறக்கியபின் நூல் திரும்பிச் சுருங்கியதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு பங்கு கெதியாகத் திரும்பியிருந்தது. இன்னொரு பங்கு திங்கட்கிழமையும் திரும்பி முடியாமல், முந்திய வாரத்தை ஞாபகம் வைத்திருந்தது. உள்ளே எல்லா மூலக்கூறுகளும் இடம் மாற ஒரே அளவு நேரம், அதாவது ஒரே ஒரு தளர்வு நேரம், இருந்தால் இப்படி வராது. பல இருந்தால்தான் வரும். பூபாலண்ணனின் இரக்கம் என் கோட்பாட்டுக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தது. ஆகவே நான் போய், "நீங்க வழமை போலச் செய்யுங்கண்ணன்" என்று சொன்னேன். சண்டையில் தான் வென்றதாக அவர் எடுத்துக்கொண்டார்.

என் மேற்பார்வையாளருக்கு இது பிடிக்கவில்லை. "தங்கச்சி, அந்தத் திங்கட்கிழமைப் புள்ளியள எடுத்துப்போட்டு, ஒரு தளர்வு நேரத்தோட பொருத்துங்க. வளைகோடு எவ்வளவு வடிவா வருது பாருங்க" என்றார். வடிவாக வரும் சேர், ஆனால் அது என் நூல் இல்லையே என்றேன். ஆம்பிளைப் பிள்ளைகள் இவ்வளவு வாய் காட்டுவதில்லை என்றார். நடந்ததை நடக்கவில்லை என்று எழுதச் சொல்லி அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றேன். நண்பர்களே, இதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைக்கிறீர்களா? நான் நினைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குழுவுக்கு முன்னாலயும் இப்பிடிக் கதைச்சீங்க எண்டா, நூல் அறுறதுக்கு முன்னம் உங்கட ஆய்வுப் பதிவு அறும்."

அமிர்தகழியில் ஒரு கதிரை

இடையில் மாமாங்கேஸ்வரர் திருவிழா வந்தது. மாமியோடு போயிருந்தேன். தண்ணீர்ப் பந்தலுக்கு வெளியே, நல்ல வெயிலில், பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். மாமிக்குத் தெரிந்த ஒரு பெரிய மனுஷி வந்து எங்களோடு அமர்ந்து, நான் என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். மாமி வெட்கத்தோடு, "கயிறு பாக்குறா" என்றார். விடுவேனா? பொருள்கள் பாரத்தின் கீழ் நேரம் எடுத்துத் தளர்வதைப் பற்றி ஆரம்பித்தேன். உதாரணத்துக்கு அவர் இருந்த கதிரையையே காட்டினேன். "பாருங்க, பின்னங்கால் ரெண்டும் மெல்ல மெல்ல விரியுது. நிழலிலயெண்டா இதுக்குக் கன காலம் எடுக்கும். சூடு கூடக்கூட உள்ளுக்கு மூலக்கூறுகள் கெதியா இடம் மாறும், அதால…" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதிரை மிகவும் மரியாதையாக, சத்தமில்லாமல், அவரை மணலில் இறக்கிவைத்தது. அடி ஒன்றும் படவில்லை. நானும் மாமியும் தூக்கிவிட்டோம். அவர் சேலையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"விரியிறது தெரிஞ்சா முதல்ல எழும்பச் சொல்லணும்கா. மறுகாத்தான் காரணம் சொல்லணும்."

திங்கட்கிழமைத் தீர்ப்பு

அந்தக் கதிரை எனக்கு ஒரு உதவி செய்தது. வெள்ளிக்கிழமை மெயினை அணைத்தால் ஏசியும் நிற்கும். சனியும் ஞாயிறும் என் நூல் பூட்டிய அறைக்குள் வெந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. நூலுக்குப் பக்கத்தில் வெப்பநிலையைப் பதியும் கருவி ஒன்றை மாட்டினேன், சமன்பாடுகளைத் திருத்தினேன். மீளாய்வை ஒரு திங்கட்கிழமையே வைக்கும்படி கேட்டு வாங்கினேன். முந்திய வெள்ளி பூபாலண்ணனிடம் போய், "வழமை போல" என்று இன்னொரு முறை சொன்னேன். தலையை ஆட்டினார்.

குழுத் தலைவர் வெளியிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். ஆய்வுகூடப் பலகையில் இரண்டு நீளங்களை எழுதினேன்: ஒரு தளர்வு நேரம் என்றால் இன்று காலை நூல் இவ்வளவு, பல நேரங்கள் என்றால் இவ்வளவு. இரண்டுமே வெள்ளிக்கிழமை நீளத்தைவிடக் குறைவு. எது சரியென்று நூலே சொல்லட்டும் என்றேன். தலைவர் நுணுக்குக்காட்டியில் குனிந்து வாசித்தார். நூல் வெள்ளிக்கிழமையைவிட நீண்டிருந்தது.

மேற்பார்வையாளர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. நானும் குனிந்து பார்த்தேன். அளவு சரி. கருவியைப் பார்த்தேன், அறை வழமை போல வெந்திருக்கிறது, ஏசி நின்றிருக்கிறது. பிறகு சொன்னேன்: "சேர், இந்த வாரம் பாரம் இறக்கப்படல்ல."

"கணக்குப் பிழைச்சா நூலிலயா பழி போடுறது?" என்றார் தலைவர்.

"பழி போடல்ல சேர். நூல் என்ன சொல்லுதோ அதத்தான் சொல்லுறன். கழட்டின நூலுக்கு இந்த நீளம் வராது. சும்மா குளிர்ல தொங்கின நூலுக்கும் வராது. பாரத்தோட, சூட்டுக்குள்ள, ரெண்டு நாளும் தொங்கியிரிக்கு. கணக்கப் போட்டுக் காட்டுறன், மறுகா பூபாலண்ணனக் கூப்பிட்டுக் கேளுங்க." ஆளை முதலில் கூப்பிட வேண்டாம் என்று மறித்துத்தான் சோக்கட்டியைக் கையில் எடுத்தேன். அதே சமன்பாடு, அதே தளர்வு நேரங்கள். பாரத்தை மட்டும் இறக்காமல் விட்டேன். வந்த விடை நுணுக்குக்காட்டி காட்டிய நீளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது, மயிரளவு தள்ளி. ஒற்றைத் தளர்வு நேரத்துக்கும் அதே சலுகையைக் கொடுத்துப் பார்த்தேன். அது கிட்டவும் வரவில்லை.

பூபாலண்ணனைக் கூப்பிட்டார்கள். பாரத்தை இறக்கினீரா என்று தலைவர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நூல் சுருங்கிக் கிடந்தா இந்தப் புள்ளையத்தானே சேர் ஏசுவீங்க. பெரியாக்கள் வாற நாளெண்டு, இந்த வெள்ளி நான் கை வைக்கல்ல" என்றார். கை வைக்கக் கூடாது என்று நான் கத்தியபோது மசியாத மனிதர், குழு வருகிறது என்றதும் கை வைக்காமல் விட்டிருக்கிறார், அதுவும் வழமை போல இறக்குங்கள் என்று நான் சொன்ன நாளில்.

தலைவர் பலகையில் இருந்த விடையை இன்னொரு முறை நுணுக்குக்காட்டியோடு ஒப்பிட்டார். "ஆள் சொன்னதும் நூல் சொன்னதும் ஒண்டுதான்" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். பிறகு என் பதிவைத் தொடரலாம் என்றும், திங்கட்கிழமைப் புள்ளி ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். மேற்பார்வையாளரும் பின்னால் போனார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. நானும் பூபாலண்ணனும் நூலும் மிஞ்சினோம். நான் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

"கழட்டினாலும் ஏசுறீங்க, கழட்டாட்டியும் ஏசுறீங்க. வாற வெள்ளி எந்த ஏச்சு வேணுமெண்டு இப்பவே சொல்லிப்போடுங்க புள்ள."

விடாமல் இழுத்துப் பிடித்திருந்தால் நைலோனும் தளரும், பிளாஸ்டிக் கதிரையும் தளரும், மீளாய்வுக் குழுவும் தளரும் என்பதை நான் நிறுவிவிட்டேன். பூபாலண்ணனுக்குத்தான் தளர்வு நேரம் இன்னும் அளவுக்குள் அகப்படவில்லை.